பஷீர் பாயின் பின்சீட்

நடக்கத் தொடங்கிய நான்காம் நாள், தெருமுனை திரும்புவதற்குள் இளஞ்செழியனுக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது.

"இன்னா செழியா, வண்டி இன்னாச்சு? ஏறு, கடையில வுட்டுர்றேன்."

பஷீர் அகமது. நாலு வீடு தள்ளி இருப்பவர். ஹார்டுவேர் கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெரிய மனிதர். அவர் கூப்பிட்டால் மறுக்க இளஞ்செழியனுக்கு வாய் வராது. ஏறிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் இளஞ்செழியன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தே சர்க்கரையை ஏற்றிக்கொண்டவர். "ஜிம்மெல்லாம் வேணாம். கடைக்குப் பத்து நிமிஷம் நடந்து போங்க. ஒரு நாளும் வுடாதீங்க, அது போதும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதை வெளியில் சொல்லவும் முடியவில்லை. மகள் அபிநயாவுக்குத் தியாகதுருகத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்குச் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வரும் என்று பின்வாங்கிவிட்டால்?

மறுநாள் அரைமணி முன்னதாகக் கிளம்பினார். பாய் அதற்கு முன்பே எழுந்து வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள், "காய் வாங்கணும், நீங்க போங்க பாய்" என்று சொல்லிப் பார்த்தார்.

"வாங்கு. நா நிக்கிறேன்."

தேவையில்லாத இரண்டு கிலோ கத்திரிக்காயோடு பின்சீட்டில் உட்கார்ந்து கடை போய்ச் சேர்ந்தார்.

ஒரு வாரம் பொறுத்து, ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனார். கரை முடியும் இடத்தில் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

"உன் வூட்ல கேட்டேன். நீ இப்டிதான் போனேன்னு உன் சம்சாரம் சொல்லுச்சு. ஏறு."

கடைசியில் பொய்தான் கைகொடுத்தது. "வேண்டுதல் பாய். நாப்பத்தெட்டு நாளு வெறுங்கால்ல நடக்கணும்."

பாயின் முகம் மாறியது. "அப்போ ஏறவே கூடாதுப்பா. பையக் குடு, நா எட்தாரேன்."

அன்றிலிருந்து வெறுங்காலில் இளஞ்செழியன், பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு ஸ்கூட்டர். "ஒத்து, ஒத்து! வேண்டுதல்ல போறாரு" என்று பாய் ஷேர் ஆட்டோக்களை விலக்கினார். ஒருவழியாக நடை நடந்தது. கூடவே செய்தியும் நடந்து தியாகதுருகம் போய்விட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாள் போன் செய்தார். "பொண்ணுக்கு இன்னாங்க கொற? அப்பாவே வெறுங்கால்ல வேண்டுதல் நடக்குறாராமே?"

இளஞ்செழியன் போனைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மனைவி செவ்வந்தி போனைப் பிடுங்கினாள்.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. இவருக்குத்தான் சர்க்கரை. டாக்டரு நடக்கச் சொல்லிக்கிறாரு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்லிட்டாரு."

"அவ்ளோதானா? எங்க வூட்லயே மூணு பேருக்குக் கீது. வெள்ளிக்கெழம பூ வெக்க வர்றோம்."

அந்தத் தைரியத்தில் இளஞ்செழியன் செருப்பை மாட்டிக்கொண்டு, காலில் கொப்புளத்தோடு நேராக பாய் வீட்டுக்குப் போனார்.

"பாய், வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குச் சர்க்கரை, தெனம் நடக்கணும். நாளையிலேர்ந்து என்னத் தனியா வுட்டுடுங்க."

பஷீர் அகமது தலையாட்டினார். "நல்லதுப்பா, நட" என்றார். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"நா ஒண்ணும் தப்பா சொல்லலியே, இன்னாங்க ஆச்சு அவருக்கு?" என்று கேட்டார் இளஞ்செழியன்.

பாயின் மனைவி ஷர்புன்னிசா குரலைத் தாழ்த்தினார்.

"கடைய வுட்டதிலேர்ந்து யார்கிட்டயும் பேசாம சுருண்டு படுத்துக்கினே இருந்தாரு தம்பி, தெனம் காலையில ஒருத்தருக்காச்சும் ஒரு சின்ன ஒத்தாசை பண்ணுங்க, ஒரு நாளும் வுடாதீங்கன்னு டாக்டரு சொன்னாரு. இன்னியோட இருவத்திரண்டு நாளாச்சு, இருவத்திரண்டு நாளும் அவருக்குக் கெடச்சது நீங்க ஒருத்தருதான்."