வாளையார் செக்போஸ்ட்டில் என் கல்யாணம்

கொல்லங்கோட்டுப் பக்கம் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அது எப்படி நடக்கவேண்டும் என்று முடிவு செய்பவர் தீம்காரர்தான். பந்தல் அலங்காரம் அவர் தொழில். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஒரு காதுகுத்துக்குக் கடல் தீம் என்று சொல்லி, ஆசாரியைத் திமிங்கலத்தின் வாய்க்குள் உட்கார வைத்தார். குழந்தை ஊசிக்கு அழவில்லை, திமிங்கலத்தைப் பார்த்துத்தான் அழுதது.

இதெல்லாம் தெரிந்தும் என் கல்யாணத்துக்கு அவரைத்தான் பிடித்தேன். "யாருமே பண்ணாததா இருக்கோணுங்க" என்று கெத்தாக வேறு சொன்னேன்.

"பொண்ணு பாக்கப் போன கதையச் சொல்லுங்க மாப்ளே. அதுக்குள்ளதான் தீம் இருக்கும்."

அன்று வாளையார் எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பஜ்ஜி ஆறிய பிறகுதான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர், "கெடைச்சுப்போச்சுங்க" என்றார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட தடுப்புக் கம்பம். மணமேடை, லாரியின் முகப்பு. காக்கிச் சட்டையில் நின்ற தீம்காரர், சீர்த்தட்டோடு வந்த என் பெரியப்பாவை மறித்து, "என்னங்க லோடு?" என்று கேட்டார். பெரியப்பா தட்டோடு அப்படியே ஊருக்குத் திரும்பப் பார்த்தார். கெஞ்சி உள்ளே அனுப்பினேன்.

அடுத்து நான். மேளம் கேட்டதும் கம்பம் தானாக உயரும் என்று ஏற்பாடு. உயரவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"குனிஞ்சு வந்துருங்க மாப்ளே."

குனிந்தேன். ஆளுயர மாலை கம்பத்தில் சிக்கியது. மிச்சத்தை என் தொப்பை பார்த்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வீடியோக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

கடைசியில் மணப்பெண்ணே வெளியே வந்து மாலையை விடுவித்தாள். அதுவரை என்னிடம் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசாதவள், என் காதருகே குனிந்து, "ஏனுங்க, பேப்பரெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அழுகிற நிலையில் இருந்த நான் சிரித்துவிட்டேன். மாலையை எடுக்க வந்து பக்கத்தில் நின்ற பெரியப்பாவும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

கடைசிப் பந்தியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தீம்காரரைத் திட்டத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "உங்க கல்யாணத்துக்கு என்ன தீமுங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீசுங்க. ரெண்டு ஊட்லயும் ஒத்துக்கலை, யாரும் வரலைங்க. ஒரு பூவுகூட இல்லீங்க."

இந்த வருஷம் தீம்காரர் தம்பதியின் கல்யாண நாளில் நானும் என் மனைவியும் போய் அவர் வீட்டு வாசலில் செவ்வந்தித் தோரணம் கட்டினோம். ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பந்தலில் ஓர் அங்குலம் பிசகினாலும் பிரித்துக் கட்டச் சொல்பவர், மனைவியோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிசெய்யப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க."