வியர்க்கும் பெட்டியை நிறுத்தாதீர்கள்

ஆம்பூர்,
14-8-1983

மகா கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, பிளஸ் ஒன் 'பி' பிரிவு மாணவி சுந்தரி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், மூன்று கோழிகள் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்றைய தேதிக்குக் கோழிகள் மட்டுமே நலம்.

ஐயா, வனமாலினி எழுதிவரும் 'வியர்க்கும் பெட்டி' தொடரை நிறுத்தச் சொல்லி ஏழு ஊர்களிலிருந்து ஏழு வாசகர்கள் தங்களுக்குக் கார்டு போட்டார்கள் அல்லவா, அந்த ஏழு பேரும் நான்தான். பழைய தோல் பெட்டி பொய்யைக் கேட்டால் வியர்ப்பது விஞ்ஞானத்துக்கு விரோதம் என்று சீறிய ஆலங்காயம் வேலாயுதம், ஓய்வுபெற்ற ஆசிரியர், நான். அந்தப் பெட்டியை வைத்துக் குடும்ப ரகசியத்தைத் துருவும் கதாநாயகியைப் பார்த்து என் மகளும் பீரோவைத் துருவுகிறாள் என்று அழுத கலவை பூவம்மாள், நான். இந்தத் தொடர் வந்த நாள்முதல் என் எருமை பால் சுரக்கவில்லை என்ற கணியம்பாடி முனியம்மாவும் நான், எருமையும் ஒரு வகையில் நான். என் ஜோக்குகளை ஆறு தடவை திருப்பி அனுப்பினீர்கள், அந்தக் கடுப்பு. "நீ எழுதறது ஒண்ணுமே அவங்க போட மாட்டாங்க, பந்தயமா?" என்று என் தோஸ்த் பில்கிஸ் வேறு ஏற்றிவிட்டாள். மூன்று கார்டை இடக்கையால் எழுதினேன், இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். பில்கிஸின் அண்ணன் சர்தார் பாஷா ஊர் ஊராகப் போய்ப் பதனிடாத பச்சைத் தோல் வாங்குகிறவர், போன ஊர்களில் எல்லாம் ஒவ்வொன்றாகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். கார்டுகளில் ஏதாவது நாறியிருந்தால் அது உப்புப் போட்ட ஆட்டுத் தோல், என் நடை அல்ல.

நேற்று தங்கள் பதில் வந்தது, டைப் அடித்து. என் பெயருக்கு இல்லை, 'வனமாலினி அம்மையார், மேற்பார்வை பரந்தாமன்' என்று. பரந்தாமன் என் அப்பா. தோல் கம்பெனியில் செலக்டர், அதாவது தோலைத் தடவிப் பார்த்து இது முதல் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிறவர். அம்மா கவரைக் கிழித்தாள். "இன்னாங்க இது? யாரு அந்த வனமாலினி? பேரே சரியில்லியே!" என்று ஆரம்பித்து, நான் குடியாத்தத்துக்கு எங்கம்மா வூட்டுக்கே போய்ட்றேன் என்று பையில் புடவையைத் திணித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மே வனமாலினி" என்றார். ஐயா, எங்கள் வீட்டிலேயே ஒரு குடும்ப ரகசியம்! பெட்டிக்கு வியர்த்ததோ இல்லையோ, எனக்கு வியர்த்தது. தங்கள் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார்: வாசகர் எதிர்ப்பு ஜாஸ்தி, தொடர் நிறுத்தப்படுகிறது. "ஏழு ஊர்ல ஏழு பேர் கீறல்னு சொன்னா அது கீறல்தான்" என்று எழுதி வைத்திருந்த அத்தியாயங்களை எல்லாம் கட்டி, தோலுக்குப் போடுகிற நீலச் சாக்பீஸால் மேலே 'ரிஜெக்ட்' என்று எழுதினார். அம்மா அழுதாள். இரண்டு வேளையாக அப்பா சாப்பிடவில்லை. ஆகையால் ஐயா, அந்த ஏழு பேரையும் ரிஜெக்ட் செய்துவிட்டு, தொடரை நிறுத்தாமல், மேலும் எழுதுங்கள் என்று அப்பாவுக்கு ஒரே ஒரு வரி போட வேண்டும். கதை உண்மையில் நன்றாகவே இருக்கிறது. நிறுத்தச் சொல்லிக் கார்டு எழுதிய வாரங்களில்கூட நான் அதைப் படிக்காமல் விட்டதில்லை.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைக்க, என் ஜோக்குகளுக்கும் அதில் ஓரமாக இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டி,

ஏழு பேராக எழுதி ஒருத்தியாக மாட்டிக்கொண்ட,
ப. சுந்தரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடும்போது அப்பா இதை வாங்கிப் படித்துவிட்டார். படித்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். "ஒரே ஆட்டுத் தோலை ஏழா வெட்டி, ஏழு ஆட்டுத் தோல்னு எங்கிட்டயே தள்றியா? ஏழு கார்டும் போன மாசமே பத்திரிகை ஆபீஸ்ல இருந்து எனக்கு வந்துட்ச்சி. செலக்டர் மூக்குடி இது!" என்றார். தங்கள் பதில் என்று வந்ததை நீங்கள் எழுதவேயில்லையாம், என்னை மாட்டிவைக்க அப்பா கேட்டு, கம்பெனி டைப்பிஸ்ட் அந்தோணி அண்ணன் அடித்துக் கொடுத்ததாம். அம்மாவின் அழுகையும் நடிப்பு. "நீ ஸ்கூலுக்குப் போனதும் நான்தான்டி உக்காந்து அவர் எழுதறதை நகல் எடுக்கறேன்" என்கிறாள். இந்த வீட்டு ரகசியம் கோழிகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அதோடு விட்டார்களா? வருகிற அத்தியாயத்தில் பொய்க் கடிதம் எழுதும் பெண் ஒருத்தியைப் பெட்டி ஆடாக மாற்றிவிடுகிறதாம். ஆட்டின் பெயர் சுந்தரி. கதை முடிகிறவரை ஆடேதானாம். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, தொடரை உடனே நிறுத்தும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் ஒருத்தியின் பேச்சு போதாது என்றால் பூவம்மாளும் எழுதுவாள். சர்தார் பாஷா அண்ணன் திங்கட்கிழமை கலவைக்குப் போகிறார்.