நான் வெட்டிய நீல இலை

அந்தப் படத்தை இன்றைக்குச் சுவரிலிருந்து இறக்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். எங்கள் கூடத்தில் டி.வி.யை மாட்ட வெயில் படாத சுவர் அது ஒன்றுதான். எதிர்ச் சுவரில் இருக்கும் டி.வி. மேல் ஜன்னல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் பந்து தெரிவதில்லை, என் முகம்தான் தெரிகிறது. அதை எவ்வளவு நேரம் பார்ப்பது?

படமா அது! நாலு நீல இலை, ஒரு ஆரஞ்சு வட்டம். ஆறு மாதம் முன்பு என் மனைவி ஏதோ கண்காட்சியில் வாங்கியது.

"இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

"நவீன ஓவியங்க. கலர் காகிதத்தைக் கத்தரிக்கோலால வெட்டி ஒட்டி, அதைப் பார்த்துக் கல்லுல வரைஞ்சு, ஒவ்வொரு கலரா காகிதத்துல அச்சு எடுத்திருக்காங்க."

"கத்தரிக்கோலா? யார்கிட்ட பேசுற? முப்பது வருஷத் தையல்காரன்கிட்டயா? இந்த லட்சணத்துல நான் சட்டைக்குக் கை வெட்டினா, போட்டவன் கையைத் தூக்கவே முடியாது!"

"அப்ப நீங்க ஒண்ணு வெட்டிக் காட்டுங்க. இதை இறக்கிடுறேன்."

வசமாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கே கத்தரியோடு உட்கார்ந்தேன். முதல் இலை சட்டைக் காலர் மாதிரி வந்தது. இரண்டாவது, அரைக்கை. மூன்றாவதில் என்னை அறியாமல் பாக்கெட்டே வைத்துவிட்டேன். பழகின கை, சும்மா விடுமா? ஒரு வாரம் மல்லுக்கட்டிக் கட்டுக்கட்டாகக் காகிதத்தை நாசமாக்கிய பிறகு, இலை இலையாகவே வந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அட்டையில் ஒட்டி அவள் முன்னால் நீட்டினேன்.

கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா! இத்தனை நாள் இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"சும்மா, கை போன போக்குல..." உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

"சொன்ன சொல் மாற மாட்டேன், இப்பவே இறக்கிடுறேன். ஆனா ஒண்ணு. ரெண்டும் எதிரெதிரே இருந்தாத்தானே உங்களோடது உசத்தின்னு வர்றவங்களுக்குத் தெரியும்?"

நியாயம்தானே? எதிர்ச் சுவரில் வெளிச்சமும் அமோகம். டி.வி.யை நானே கழற்றினேன். நானே சுமந்துபோய்ப் படுக்கையறையில் வைத்தேன். நானே ஆணி அடித்து என் இலையை மாட்டினேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் அந்த ஆணியில் வேறொரு படம். நாலு பச்சை இலை, ஒரு மஞ்சள் வட்டம்.

"என்னோடது எங்க?"

"வெயில்ல வெளுத்துடுமேன்னு பத்திரமா கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேங்க."

"அப்ப இது?"

"அதோட ஜோடி. மாட்டச் சுவர் இல்லாம ஆறு மாசமா கட்டிலுக்கு அடியில கிடந்தது, பாவம்." படத்தைத் தூக்கி ஆணியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். "ஆணி மட்டும் அளவெடுத்த மாதிரி அடிச்சிருக்கீங்க!"