தளபதியின் கோப்பை

அலமாரியில் கோப்பை இல்லை.

தவமணி டீச்சர் மறுபடியும் கையை விட்டுத் துழாவினாள். கிழிந்த வரைபடமும் ஒரு கரப்பான்பூச்சியும்தான் அகப்பட்டன.

"டீச்சர், மிளகு இங்கதான் முடியுது. கோப்பை எங்க?" என்றாள் ஜெயலெட்சுமி. கேன்டீனுக்கு எதிரே இருந்த அந்த நடைவழியில் ஆறாம் வகுப்பு முழுவதும் முண்டியடித்தது.

சரித்திரம் என்றாலே தூங்கி வழிகிற வகுப்பு. அதற்காகவே தவமணி இந்தத் துப்பறியும் விளையாட்டை ஏற்பாடு செய்திருந்தாள். வெள்ளைக்காரன் இதே பினாங்கில் கோட்டை கட்டிய காலம். தளபதியின் வெள்ளிக் கோப்பை களவு போகிறது. சிந்திய மிளகைப் பின்தொடர்ந்து திருடனைப் பிடிக்க வேண்டும். பாடத்தைப் பார்க்க இன்று கல்வி இலாகா அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் வீட்டுக்குத்தான்.

அவள் அலமாரியில் ஒளித்து வைத்த கோப்பையோ, தலைமையாசிரியரிடம் கெஞ்சி வாங்கிய பள்ளியின் பரிசுக் கோப்பை. அசல் வெள்ளி!

"திருடன் எடத்த மாத்திட்டான்," என்று சமாளித்தாள். "எங்கயும் தேடுங்க. புது ஆளு யாரு வந்தாலும் விசாரிங்க!"

கொஞ்ச நேரத்தில் விளையாட்டுச் சாமான் அறைக்குள்ளிருந்து கதவு தடதடத்தது.

"திருடனப் பூட்டி வச்சிட்டோம் டீச்சர்!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கோட்டு, டை, பெரிய தோல்பை. ஐயோ, அதிகாரி!

பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள். "மன்னிச்சிருங்க சார்! சின்னப் பிள்ளைங்க..."

"பரவால்லம்மா. நான் அவசரமா போகணும்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், அவரு கைல மிளகு ஒட்டியிருக்கு! பையத் தொறந்து பாருங்க!"

"வாய மூடு ஜெயலெட்சுமி! பெரியவங்க பையில கை வைப்பியா?"

அவருக்குக் காப்பி வரவழைத்தாள். ஒரே மடக்கில் குடித்தார்.

"பாடம் எப்படி சார்?"

"ரொம்பப் பிரமாதம் லா!"

தவமணிக்கு உயிர் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றவரிடமிருந்து பையைப் பிடுங்கித் தானே சுமந்து போய், டாக்சி நிறுத்தி ஏற்றிவிட்டாள். நல்ல கனம். பாவம், எத்தனை ஃபைல்களோ!

திரும்பி வந்தால், கேன்டீன் ஹமீதா அக்கா ஒரு மலாய்ப் பெண்மணியோடு வாசலில் நின்றாள்.

"டீச்சர், இவங்க ரோஹானா, கல்வி இலாகாவாம். என் கேன்டீன்ல உக்காந்தே உங்க பாடத்தப் பாத்தாங்களாம், ரொம்பப் பிடிச்சிருச்சாம். ஒண்ணுதான் வெளங்கலயாம்: திருடனா நடிச்சு அலமாரியிலேருந்து கோப்பைய எடுத்துப் பையில போட்டவனப் பிள்ளைங்க சரியாப் பிடிச்சுக் குடுத்தும், நீங்க ஏன் லா டாக்சி ஏத்தி விட்டீங்க?"