மூணு தோடம்பழமும் ஆத்துக் கணக்கும்

திங்கக்கிழம எனக்குத் தந்த வேல, ஆத்துத் தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதுன்டு அளந்துட்டு வாறது.

நான் நீர்ப்பாசனக் கந்தோர்ல வெளிக்கள உத்தியோகத்தன். எங்கட பொறியியலாளர் ஜெசிந்தா மிஸ். கரைத்தீவுப் பக்கம், கடலோட சேந்த களப்புல விழுற ஆறு கோடையில செத்துப்போகாம இருக்க என்ன செய்யலாம்னு மறுநாள் கூட்டம். கையில ரெண்டு யோசின. ஒன்டு, மேல இருக்குற குளத்தத் தொறந்து ஆத்துக்குத் தண்ணி விடுறது. மத்தது, ஆத்துல மோட்டர் வெச்சு இறைக்கிற ஊர்களுக்குப் பைப் தண்ணி குடுத்துட்டு, ஆத்துத் தண்ணிய ஆத்துக்கே விட்டுடுறது.

"எது நல்லமெண்டு பாக்க, இப்ப எவ்வளவு ஓடுதெண்டு தெரியோணும்," என்டாங்க மிஸ்.

"அளக்குற மெஷின், மிஸ்?"

"பழுது. தோடம்பழம் வாங்கிட்டுப் போங்க."

ஒரேஞ்சுப் பழந்தானே, மிதக்கும். அத ஆத்துல போடணும். இருவது மீட்டர் கீழ ஒராள் அதப் புடிக்கணும். நேரத்தப் பாக்கணும். அவ்வளவுதான். மூளைக்கு வேலையே இல்ல. அதான் என்ன அனுப்பியிருக்காங்க போல.

மீன் புடிக்கிற ஹமீது நானாவக் கூட்டிட்டுப் போய்க் கீழ நிப்பாட்டினேன். கையில வலை. நான் மேல நின்டு பழத்தப் போட்டேன். போட்ட கையோட போன்ல நேரத்தப் பாத்துக்கிட்டு நின்டேன்.

ஒரு நிமிஷம். அஞ்சு நிமிஷம்.

"நானா, வந்துச்சா?"

"இல்லையே தம்பி."

கலங்கல் தண்ணி. காத்துல அலை வேற. தவற விட்டிருப்பாருன்டு அடுத்ததப் போட்டேன். அதுவும் வரல்ல. மூணாவதும் வரல்ல.

எனக்குச் சந்தேகம். கீழ போய் மெதுவாக் கேட்டேன்.

"நானா, கோவிக்காதீங்க. பழத்தத் தின்டுட்டீங்களா?"

நானா என்ன ஒரு பார்வ பாத்தாரு.

"நான் இன்டைக்கு சுன்னத்து நோம்பு, தம்பி."

பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அந்த நேரம் பாத்து, ஆத்துக்கு மேல்பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ராத்தா சத்தம் போட்டாங்க.

"தம்பி, இங்க கரையில தோடம்பழம் ஒதுங்குது. ஒங்கடதா? ஒரு பழத்த ஆடு தின்டுட்டு."

நான் தண்ணியப் பாத்தேன். அப்பதான் உருப்படியாப் பாத்தேன். ஆறு கடலுக்குப் போகல்ல. கடல்தான் ஆத்துக்குள்ள வந்துக்கிட்டிருக்கு.

மிஸ்ஸுக்குப் போன்ல கோல் எடுத்தேன். "மிஸ், ஆறு ஓடுது. ஆனா மத்தப் பக்கமா."

சிரிச்சாங்க. பொறகு பழம் எங்க ஒதுங்கினதுன்டு கேட்டாங்க.

"மேல இருந்து தள்ளுறதுக்கு நல்ல தண்ணி இல்ல. அதான் உப்பு ஏறுது," என்டாங்க. "அப்பிடியே எழுதிட்டு வாங்க."

மறுநாள் கூட்டத்துக்கு ஊர்ச்சனத்தோட ஹமீது நானாவும் வந்திருந்தாரு. மேலிடத்துல இருந்து வந்த ஒரு பெரிய ஐயா ஆத்துப் போட்டோ ஒன்டக் காட்டினாரு. "ஆறு நெறஞ்சுதானே கிடக்கு. குளத்துத் தண்ணிய என்னத்துக்கு வீணாக்குற?"

மிஸ் என்னப் பாத்தாங்க. நான் எழும்பி நடந்ததச் சொன்னேன். நானாவ சந்தேகப்பட்டத மட்டும் உட்டுட்டேன். நானா உடல்ல. அவரே எழும்பி அதையும் சொன்னாரு. மண்டபமே சிரிச்சுது. சிரிப்பு அடங்கினதும் நானா சொன்னாரு, "நெறஞ்சிருக்குறது உப்புத் தண்ணி, ஐயா. எங்கட கிணத்துத் தண்ணியில இப்ப தேத்தண்ணி கூட ஊத்த ஏலாது."

பெரிய ஐயா போட்டோவ மடிச்சு வெச்சாரு.

பைப் போட்டு முடிக்கக் காலம் எடுக்கும். அதால இந்தக் கோடைக்குக் குளத்தத் தொறக்குறது, பைப் வேலையையும் கையோட தொடங்குறதுன்டு முடிவாச்சு.

அன்டையில இருந்து, எந்த ஆத்துக்குப் போனாலும் கடல் எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் வேலையத் தொடங்குறேன்.