மணி காட்டாது, காட்டிக்கொடுக்கும்

அற்புதராஜ் ஒரு வீரசபதம் எடுத்தார். கையில் கிடக்கும் ஸ்மார்ட் வாட்சை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை.

வாட்ச் வாங்கித் தந்தவள் மனைவி சலோமி. அவர் போகும் இடமெல்லாம் தலத்தெரு வீட்டில் இருக்கும் அவள் போனில் தெரியும். பரோட்டா கடைப் பக்கம் திரும்பினால் போதும், மணிக்கட்டிலிருந்து குரல் வரும்: "என்னங்க, ஆபீஸ் அந்தப் பக்கம்ல இருக்கு?"

மேனேஜர் அம்பலவாணனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், இது மணி காட்டுற வாட்ச் இல்ல, காட்டிக்கொடுக்கிற வாட்ச். உள்ள மைக் இருக்கு. நம்ம வைஃபைல வேற ஒட்டிக்கிட்டிருக்கு. எவனாச்சும் இது வழியா பூந்து டெண்டர் விலையத் தெரிஞ்சுக்குவான்."

மேனேஜர் உடனே தன் வாட்சைக் கழற்றித் தண்ணீர் டம்ளருக்குள் போட்டார்.

"வாட்டர்புரூஃப் சார்."

மறுநாளே உத்தரவு வந்தது. போன், வாட்ச் எல்லாம் கேட்டில் உள்ள இரும்புப் பெட்டிக்குள். சாயங்காலம்தான் வெளியே வரும்.

சலோமி கோபப்படவே இல்லை. "ஆபீஸ் நல்லதுக்குத்தானங்க."

அற்புதராஜ் மத்தியானம் ஆசை தீரப் பரோட்டா தின்றுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார். அவருடைய சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் மீன் தொட்டி.

"நாற்காலி எங்க?"

"அதப் பழசுக்குப் போட்டுட்டு இத வாங்கிட்டேன்."

"இதுல நான் எப்படிச் சாயுறது?"

"கேக்கலாம்னுதான் போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

அடுத்த நாள் அவர் கட்டிலில் மச்சான் டென்னிஸ் தன் குடும்பத்தோடு படுத்திருந்தான். அதற்கும் போன் பண்ணினாளாம். அதற்கடுத்த நாள் ஸ்கூட்டரைக் காணோம்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"நல்ல வெல வந்துச்சுங்க!"

மேனேஜரிடம் ஓடினார். "சார், பெட்டியத் தொறந்துடலாம். ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்ல."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாராவது உங்கள மிரட்டுறாங்களா?"

"வீட்டுலதான் சார்..."

"வீட்டுக்கே வந்துட்டானா!" மேனேஜர் துள்ளி எழுந்தார். "அப்ப வாட்ச் வீட்டுக்குப் போறதே தப்பு! ஒரு மாசம் எல்லாம் பெட்டியிலயே கெடக்கட்டும். சாவி என் கழுத்துல!"

சாயங்காலம் அற்புதராஜ் வெறுங்கையோடு நடந்தே வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் திரைச்சீலைகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, யாரையும் காணோம்?"

"வீடு மாத்திட்டுப் போயிட்டாங்களே! டென்னிஸ் குடும்பத்துக்கு எடம் பத்தலையாம். உங்களக் கேக்கத்தான் போன் பண்ணாங்களாம்."

"எந்தத் தெருவுக்கு?"

"அது தெரியலையே. கவலப்படாதீங்க தம்பி, வழியெல்லாம் உங்க வாட்சுக்கு அனுப்பிட்டாங்களாம்."