வெள்ளைச் சட்டைக்காரரின் கையெழுத்து

கேஸ் குழாயின் நட்டை இறுக்கி முடித்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் "ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்டது.

குழாய்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நட்டைக் கழற்றினார். சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புதிதாகச் சுற்றி மறுபடியும் இறுக்கினார்.

"இப்ப சரிதானே சார்?"

சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

இதுதான் அந்த மனுஷனின் வழக்கம். என்ன கேட்டாலும் பதில் வராது, கேள்விதான் வரும். சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிறவர்களே இப்படித்தான். வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லிவிட்டால் நாளைக்கு மாட்டிக்கொள்வோமே என்ற பயம்.

குழாய்க்காரர் நட்டை இரண்டாவது தடவை கழற்றினார்.

இருபத்திரண்டு வருஷம் தண்ணீர்க் குழாயோடு கிடந்தவர் அவர். அடைத்த குழாய்க்குள் கையை விட்டு விட்டு அலுத்துப்போய்த்தான் கேஸ் வேலைக்கு மாறலாம் என்று பயிற்சி ஆபீசுக்குப் போனார். ஜன்னலுக்குள் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பேசினாள்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணுமே தெரியாம புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு, கைவேலை தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு."

"நான் தெரிஞ்சவன். அதை மட்டும் சொல்லும்மா, போதும்."

"ஒரு வருஷம் சாயங்கால வகுப்பு. அப்புறம் நிஜமான வீடுகள்ல இருபது வேலை. லைசென்ஸ் வெச்சிருக்கறவர் பக்கத்துல நின்னு பாக்கணும். இருபதும் முடிஞ்சதும் உங்க புத்தகத்துல கையெழுத்துப் போடுவார். அதுக்கப்புறம்தான் பரீட்சை."

"இருபத்திரண்டு வருஷம் பாத்த வேலை கணக்குல வராதா?"

"யார் கையெழுத்துப் போட்டாங்க?"

வீட்டுக்கு வீடு போய் அடைப்பெடுத்ததற்கு எந்த மகராசன் கையெழுத்துப் போட்டான்?

வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து ஆபீசிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஒரு போன் நம்பர், ஒரு முகவரி, "இவரோடு சேர்ந்து வேலை செய்யவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். மை தீர்ந்துவிடும் என்று பயந்து எழுதுகிறவர்கள் அவர்கள். போய்ப் பார்த்தால் தலை நரைத்த ஒருவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கக்கத்தில் பையோடு வாசலில் காத்திருந்தார்.

"உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். நான்பாட்டுக்கு ஓரமா நின்னு பாக்கறேன்," என்றார்.

கத்துகிற மேஸ்திரியைச் சமாளித்துவிடலாம். ஓரமாக நின்று பார்க்கிறவனை என்ன செய்வது?

அப்படியே பத்தொன்பது வேலை ஓடிவிட்டது. இது இருபதாவது. இந்தச் சமையலறைச் சுவரில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரை மாட்டி, கேஸ் இணைப்புக் கொடுத்துவிட்டால் முடிந்தது. நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் புத்தகம் ஆபீசுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஒரு வருஷ வகுப்பும் வீண். கேஸ் கம்பெனியில் அவருக்காக வைத்திருக்கிற நிரந்தர வேலையும் வேறு எவனுக்கோ போய்விடும்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"இன்னும் நட்டே இறுக்கலடி."

"காலைல எட்டு மணிக்குப் போன மனுஷன் இன்னுமா ஒரு நட்டை இறுக்கறீங்க?"

"ரெண்டு தடவை இறுக்கிக் கழட்டிட்டேன். வை போனை."

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்க, எப்ப சுடுதண்ணி வரும்? உள்ள எங்க வீட்டுக்காரர் துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

"பத்து நிமிஷம்மா."

அப்போதுதான் வெள்ளைச் சட்டைக்காரர் கட்டிய கையை அவிழ்த்தார். சுவருக்குப் பக்கத்தில் வந்து, புகை வெளியே போவதற்குப் போட்டிருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"இந்த ஓட்டை எதுக்கு இங்க?"

குழாய்க்காரர் ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றார். "புகை... வெளிய போறதுக்கு சார். உள்ள தங்குனா ஆளைக் கொன்னுரும். ஜன்னலுக்குப் பக்கத்துல போட்டா திரும்பி உள்ள வந்துரும். அதான் இங்க."

"ஓஹோ," என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.

என்ன எழுதினார்? தப்பாக இல்லாவிட்டால் எதற்கு எழுத வேண்டும்? குழாய்க்காரர் வகுப்பில் எடுத்த குறிப்பைப் பிரித்துப் பார்த்தார். ஜன்னலிலிருந்து இத்தனை தூரம் என்று போட்டிருந்தது. அளந்தார். சரியாகத்தான் இருந்தது. அளவு சரியாக இருந்தால் கேள்வி எதற்கு? அளவில் தப்பில்லை என்றால் உயரத்தில்தான் தப்பு.

"இதை ஒரு சாண் மேல ஏத்திடறேன் சார்."

வெள்ளைச் சட்டைக்காரரின் கண் அகலமானது. "ஏத்தலாமா?"

"ஏத்திக் காட்டறேன் சார்!"

டிரில்லை எடுத்து ஒரு சாண் மேலே வைத்து அழுத்தினார். சுவர் கடகடவென்றது. அப்புறம் சளக் என்றது. அப்புறம் முகத்தில் அடித்தது.

இருபத்திரண்டு வருஷம் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவர், சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டார்.

"ஐயோ, என் மாவு டப்பா!" வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். "சுடுதண்ணி கேட்டா பச்சைத் தண்ணிய வீடு பூரா விடறீங்களே! நீங்கெல்லாம் வேலைக்காரங்களா?"

"தண்ணின்னா என்கிட்ட விடுங்கம்மா. இது என் வேலை."

அது உண்மைதான். ஓடிப்போய் மெயின் குழாயை அடைத்தார். சுவரை உடைத்து, குழாயை வெட்டி, புதுத் துண்டு வைத்துச் சேர்த்து, மேல் ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசினார். வெள்ளைச் சட்டைக்காரர் நனைந்த சட்டையோடு அத்தனையையும் எழுதிக்கொண்டே நின்றார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"அதையும் எழுதணுமா சார்?"

"இதுதான் முக்கியம்னு தோணுது."

குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை ஈரம், மீசையில் சிமெண்டு. கையெழுத்து போய்விட்டது என்றே நினைத்தார். நாற்பத்தாறு வயதில், மீசை முளைக்காத பயல்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வருஷம் படித்தது எல்லாம் ஒரு சாண் ஓட்டையில் போய்விட்டது. பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

அவன் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், வேலையை முடிக்காமல் நான் போக மாட்டேன்.

அதற்கு மேல் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்னால் "ம்ம்" என்று சத்தம் கேட்டது, நிற்கவில்லை. "இது ஏன்?" என்றொரு கேள்வி வந்தது. "வேலைக்கு அதுதான் சரி," என்று மட்டும் சொன்னார். ஹீட்டரை மாட்டினார். புகைக்குழாயைப் பழைய ஓட்டையிலேயே சொருகினார். நட்டை ஒரே தடவை இறுக்கினார். வால்வைத் திறந்து, இணைப்பிலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அழுத்தம் காட்டும் மீட்டரைப் பொருத்திக் கால் மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார். முள் அசையவில்லை.

ஹீட்டரைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. உள்ளேயிருந்து, "அப்பாடா!" என்று துண்டு கட்டியவரின் குரல் கேட்டது.

வீட்டுக்காரம்மா மேலும் கீழும் பார்த்தார். "காலைல பத்து மணிக்கும் இந்த ஓட்டை இதே இடத்துலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா."

"அப்ப மத்தியானம் பூரா என்னத்தய்யா பண்ணீங்க?"

குழாய்க்காரர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் போய், அதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்றார். இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை.

"இருபது முடிஞ்சுது சார். தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. இல்லன்னா கையெழுத்தைப் போடுங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் அவரையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தன் பைக்குள் கையை விட்டு, அதே மாதிரி பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

"புது ஆளுங்க முதல்ல லைசென்ஸ்காரரோட இருபது வேலைய நின்னு பாக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க, பாத்துட்டேன், நீங்கதான் சார் இதுல கையெழுத்துப் போடணும்."